டொமைனை மாத்தியாச்சு, சைட் ஏன் இன்னும் பழசாவே வருது?



போன செமஸ்டர் எங்க டிபார்ட்மெண்ட் சிம்போசியத்துக்கு வெப்சைட் பொறுப்பு என்னோடது. சீனியர்ஸ் விட்டுட்டுப் போன பழைய ஷேர்டு ஹோஸ்டிங்லதான் சைட் ஓடிட்டு இருந்துச்சு. ரெஜிஸ்ட்ரேஷன் ஆரம்பிச்சதும் பயங்கர ஸ்லோ. அதனால ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஃபார்ம், டேட்டாபேஸ் எல்லாத்தையும் ஒரு புது சர்வருக்கு காப்பி பண்ணேன். டொமைனையும் அந்தப் பக்கம் திருப்பி விட்டேன். ஹாஸ்டல் வைஃபைல திறந்து பார்த்தா புது சைட் வருது. சந்தோஷமா தூங்கப் போயிட்டேன்.

மறுநாள் காலைல கிளாஸ்மேட் ஒருத்தன், "மச்சான், என் ஃபோன்ல இன்னும் பழைய பேனர்தான்டா வருது" என்றான். நான் கூகுள்ல படிச்சதை அப்படியே ஒப்பிச்சேன். "அது டிஎன்எஸ் ப்ராபகேஷன்டா. 48 மணி நேரம் ஆகும். வெயிட் பண்ணு."

வெயிட் பண்ணோம். வெள்ளிக்கிழமை ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சது. அடுத்த புதன்கிழமை சிம்போசியம். அன்னைக்கு காலைல திண்டுக்கல் பக்கத்துல இருந்து விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறி ஒரு நாலு பேர் டீம் வந்திருந்தாங்க. பணம் கட்டின ஸ்க்ரீன்ஷாட் கையில இருக்கு. எங்க அக்கவுண்ட்லயும் பணம் வந்திருக்கு. லிஸ்ட்ல பேர் மட்டும் இல்ல. பேப்பர் பிரசன்டேஷன் ஸ்லாட் எல்லாம் ஏற்கெனவே கொடுத்து முடிச்சாச்சு. அவங்க கடைசி வரிசையில உட்கார்ந்து மத்தவங்க பேசுறதைக் கேட்டுட்டுத் திரும்பிப் போனாங்க.

சாயங்காலம் பழைய சர்வரோட டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். செவ்வாய் ராத்திரிக்கு அப்புறம் 11 டீம் அங்கே பதிவு பண்ணியிருந்தாங்க. பழைய சைட் எர்ரர் காட்டியிருந்தாகூட யாராவது ஃபோன் பண்ணியிருப்பாங்க. அது நல்லபடியா வேலை செஞ்சதுதான் பிரச்சனையே.

இதுல முக்கியமான விஷயம், நான் 48 மணி நேரம் இல்ல, 48 நாள் காத்திருந்தாலும் அது சரியாகியிருக்காது. ஏன்னு பின்னாடி சொல்றேன். அது புரியணும்னா முதல்ல இந்த "ப்ராபகேஷன்" என்பது என்ன என்று பார்க்கணும்.

(ஒரு குறிப்பு: கமாண்ட் எல்லாம் இங்கே தமிழ் எழுத்துல இருக்கும். டெர்மினல்ல இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. உதாரண டொமைனா எக்ஸாம்பிள் டாட் காம் எடுத்துக்கலாம்.)

பேர் எப்படி நம்பரா மாறுது?

நீங்க பிரவுசர்ல ஒரு பேரை டைப் பண்றீங்க. ஆனா நெட்வொர்க்குக்கு ஐபி முகவரி வேணும். பேரை நம்பரா மாத்திக் கொடுக்கிறதுதான் டிஎன்எஸ் வேலை.

ஆரம்பத்துல இதுக்கு ஒரே ஒரு ஃபைல்தான் இருந்துச்சு. அர்பாநெட் காலத்துல ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்ற அந்த ஃபைலை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்ல வச்சிருந்தாங்க. எல்லா கம்ப்யூட்டரும் அங்கிருந்து டவுன்லோட் பண்ணிக்கும். கம்ப்யூட்டர் எண்ணிக்கை கூடக் கூட அந்த முறை தாங்கல. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைச்சார். 1987-ல் வந்த ஆர்எஃப்சி 1034, 1035 தான் இன்னைக்கும் அதுக்கு அடிப்படை.

டிஎன்எஸ்ல பொறுப்பு பிரிச்சுக் கொடுக்கப்பட்டிருக்கு. உங்க சார்பா தேடிப்போற சர்வருக்குப் பேர் ரிசால்வர். உங்க நெட் கம்பெனி வச்சிருக்கிறதா இருக்கலாம், கூகுளோட 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரோட 1.1.1.1 மாதிரி பொதுவானதா இருக்கலாம். அது முதல்ல ரூட் சர்வர்கிட்ட கேட்கும். ரூட் "டாட் காம் பத்தி அங்கே கேளு" என்று கைகாட்டும். டாட் காம் சர்வர் "எக்ஸாம்பிள் டாட் காம் பத்தி இந்த நேம்சர்வர்கிட்ட கேளு" என்று அனுப்பும். அந்த நேம்சர்வர்தான் கடைசியா நம்பரைச் சொல்லும். கடைசி வார்த்தை அதோடது என்பதால அதுக்கு அத்தாரிட்டேட்டிவ் நேம்சர்வர் என்று பேர். இந்தக் கட்டுரையில அதைத் "தலைமை சர்வர்"னு சொல்றேன்.

ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தூரம் அலைஞ்சா இன்டர்நெட் நகராது. அதனால ரிசால்வர் கிடைச்ச பதிலை ஒரு குறிப்பிட்ட நேரம் ஞாபகம் வச்சுக்கும். அதுதான் கேஷ்.

எதுவும் "பரவுறது" இல்ல

ப்ராபகேஷன்னு சொன்னதும் நம்ம மனசுல என்ன படம் வருது? குளத்துல கல் போட்டா அலை பரவுற மாதிரி, நம்ம மாற்றம் ஒவ்வொரு ஊரா போய்ச் சேருதுன்னு. நானும் அப்படித்தான் நினைச்சேன். உண்மையில அப்படி எதுவும் நடக்கிறதில்ல. ரெக்கார்டை நீங்க மாத்தினா அந்தத் தகவலை யாரும் உலகத்துல இருக்கிற ரிசால்வர்களுக்கு அனுப்புறதில்ல.

நம்ம கிளாஸ் டைம்டேபிளை நினைச்சுக்கோங்க. ஒரிஜினல் டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டுல இருக்கு. கிளாஸ் ரெப் அதை ஃபோட்டோ எடுத்து குரூப்ல போடுறான். "இது திங்கட்கிழமை வரைக்கும் செல்லும்"னு கீழே எழுதியும் இருக்கு. புதன்கிழமை ஹெச்ஓடி போர்டுல டைம்டேபிளை மாத்திட்டார். உங்க ஃபோன்ல இருக்கிற ஃபோட்டோ தானா மாறுமா? மாறாது. திங்கட்கிழமை வந்ததும் நீங்க மறுபடி போய் போர்டைப் பார்க்கும்போதுதான் புதுசு தெரியும். வியாழக்கிழமை முதல் தடவையா போர்டைப் பார்த்த லேட்டரல் என்ட்ரி பையனுக்கோ நேராப் புதுசே கிடைச்சுடும்.

போர்டுதான் தலைமை சர்வர். ஃபோட்டோதான் கேஷ். "திங்கட்கிழமை வரைக்கும்" என்ற குறிப்புதான் டிடிஎல், அதாவது டைம் டு லிவ். அது நொடிக்கணக்குல இருக்கும். 300 என்றால் 5 நிமிஷம், 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள்.

ஆக, தாமதம் என்பது புது தகவல் வந்து சேர ஆகுற நேரம் இல்ல. பழைய காப்பி காலாவதியாக ஆகுற நேரம். இந்த வித்தியாசம் புரிஞ்சா ட்ரபுள்ஷூட்டிங்ல பாதி முடிஞ்ச மாதிரி. ஏன்னா காலாவதி நேரம் ஒண்ணும் ரகசியம் இல்ல. பதிலோடவே எழுதி வரும், நீங்களே பார்க்கலாம்.

டிடிஎல் கணக்கு

உங்க ரெக்கார்டோட டிடிஎல் 86400. புதன்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு 192.0.2.10 என்ற பழைய நம்பரை 203.0.113.25 என்று மாத்துறீங்க.

காலைல 10 மணிக்குக் கேட்ட ரிசால்வர் வியாழன் காலை 10 மணி வரை பழசையே சொல்லும். 5.59-க்குக் கேட்ட ரிசால்வர் வியாழன் 5.59 வரை பழசைச் சொல்லும். 6.01-க்கு முதல் தடவையா கேட்ட ரிசால்வர் புதுசைச் சொல்லும். "எனக்கு வருது, அவனுக்கு வரல"ன்னு குரூப்ல சண்டை நடக்கிறது இதனாலதான். ஊர் தூரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பக்கத்து ரூம்ல இருக்கிறவனுக்குப் பழசும், அமெரிக்காவில இருக்கிற அண்ணனுக்குப் புதுசும் வரலாம்.

இங்கே எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. மாத்திட்டு, "சீக்கிரம் வரட்டும்"னு டிடிஎல்லை 300-க்குக் குறைப்பாங்க. பிரயோஜனம் இல்ல. வெளியே போன காப்பியில 86400 என்றுதான் எழுதியிருக்கு. குறைக்கணும்னா மாத்துறதுக்கு குறைஞ்சது ஒரு முழு பழைய டிடிஎல் நேரத்துக்கு முன்னாடியே குறைக்கணும். பழைய டிடிஎல் ஒரு நாள்னா, ஒரு நாளுக்கு முன்னாடி 300 ஆக்கி வைங்க. அப்புறம் மாத்தினா பெரும்பாலானவங்களுக்கு 5 நிமிஷத்துல முடிஞ்சுடும். எல்லாம் சரியாயிருச்சுன்னு தெரிஞ்சதும் பழையபடி ஏத்தி விட்டுடலாம்.

சில ரிசால்வர்கள் ரொம்பச் சின்ன டிடிஎல்லை மதிக்காம தங்களோட குறைந்தபட்ச நேரம் வரைக்கும் வச்சிருக்கும். அதனால 5 நிமிஷம்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம்.

அப்போ அந்த 48 மணி நேரம் எங்கே இருந்து வந்துச்சு?

அதுக்கும் ஒரு நியாயம் இருக்கு. மேலே சொன்னது நேம்சர்வர் அப்படியே இருக்க, உள்ளே ஒரு நம்பரை மட்டும் மாத்தும் கதை. நேம்சர்வரையே வேற கம்பெனிக்கு மாத்தினா கதை வேற. "எக்ஸாம்பிள் டாட் காம் பத்தி இவர்கிட்ட கேளு" என்ற குறிப்பு டாட் காம் சர்வர்ல இருக்கு. அந்தக் குறிப்போட டிடிஎல் 172800 நொடி. கணக்குப் போடுங்க, சரியா 48 மணி நேரம். அதை நீங்க குறைக்க முடியாது, ஏன்னா அது உங்க கையில இல்ல.

அதனால நேம்சர்வர் மாத்தும்போது ரெண்டு நாளைக்கு சில ரிசால்வர்கள் பழைய நேம்சர்வர்கிட்டதான் போய்க் கேட்கும். அங்கேயும் புது நம்பரையே எழுதி வச்சுட்டா யாருக்கும் எந்தத் தாமதமும் தெரியாது. பழைய அக்கவுண்ட்டை அன்னைக்கே டெலீட் பண்ணா சைட்டே சிலருக்கு விழுந்துடும். ரெண்டு நாள் பொறுங்க.

ஆர்வக்கோளாறால வர்ற தாமதம்

இன்னொரு வகை இருக்கு. புதுசா ஒரு சப்டொமைன் வேணும். ரெக்கார்டு போடுறதுக்கு முன்னாடியே "வந்துருச்சா"ன்னு பிரவுசர்ல திறந்து பார்க்கிறீங்க. ரிசால்வர் போய்க் கேட்குது. "அப்படி ஒரு பேரே இல்ல"ன்னு பதில் வருது. இந்த "இல்ல" என்ற பதிலையும் ரிசால்வர் கேஷ் பண்ணும். இதுக்கு நெகட்டிவ் கேஷிங்னு பேர். 1998-ல் வந்த ஆர்எஃப்சி 2308 இதை விவரமா சொல்லுது. எவ்வளவு நேரம் என்பதை அந்த டொமைனோட எஸ்ஓஏ ரெக்கார்டு தீர்மானிக்கும்.

அதனால அஞ்சு நிமிஷம் கழிச்சு நீங்க ரெக்கார்டு போட்டாலும் உங்க ரிசால்வர் கொஞ்ச நேரத்துக்கு "இல்ல, இல்ல"ன்னே சொல்லிட்டு இருக்கும். சைட்டை உருவாக்கின உங்களுக்கு மட்டும் வராது, மத்த எல்லாருக்கும் வரும். முதல்ல ரெக்கார்டு, அப்புறம்தான் பிரவுசர்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதைதான்

இது ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட்ல மட்டும் நடக்கிற விஷயம் இல்ல. 2021 செப்டம்பர் 30 அன்னைக்கு ஸ்லாக் பண்ண ஒரு மாற்றத்தைப் பாருங்க. அவங்க டிஎன்எஸ்செக் என்ற பாதுகாப்பு வசதியை ஆன் பண்ணாங்க. அதுல டிஎன்எஸ் பதில்களுக்கு டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். "இந்த டொமைன் கையெழுத்தோடதான் பதில் சொல்லும், கையெழுத்து இல்லாட்டி நம்பாதே" என்று டாட் காம் சர்வர்ல ஒரு டிஎஸ் ரெக்கார்டு போடணும். ஆன் பண்ணதும் சில பயனர்களுக்குப் பிரச்சனை வர, பின்வாங்க முடிவு பண்ணி, டிஎஸ் ரெக்கார்டை எடுத்துட்டு கையெழுத்துப் போடுறதையும் நிறுத்திட்டாங்க.

ஆனா அந்த டிஎஸ் ரெக்கார்டோட டிடிஎல் 24 மணி நேரம். ஏற்கெனவே அதைக் கேஷ் பண்ணி வச்சிருந்த ரிசால்வர்கள், "கையெழுத்து இருக்கணுமே, காணோமே" என்று பதிலையே நிராகரிச்சுடுச்சு. அந்த ரிசால்வர்களை நம்பியிருந்தவங்களுக்கு ஸ்லாக் திறக்கவே இல்ல. ரிசால்வர் நடத்துறவங்ககிட்ட "தயவுசெஞ்சு எங்க கேஷை அழிச்சுடுங்க"ன்னு கேட்க வேண்டிய நிலைமை. டிஎன்எஸ்ல நீங்க பண்ற மாற்றத்தை உடனே அன்டூ பண்ண முடியாது. பழைய பதில் வெளியே எவ்வளவு நேரம் உயிரோட இருக்கும்னு தெரிஞ்சுட்டுத்தான் கை வைக்கணும்.

எங்கே தேடணும்? ஒரு வரிசை

சைட் பழசா வருது, இல்ல வரவே இல்ல. எல்லாரும் முதல்ல தன் லேப்டாப்ல கேஷ் க்ளியர் பண்ணுவாங்க. நான் தலைகீழா சொல்றேன். மேலே இருந்து கீழே வாங்க.

1. டொமைன் உயிரோட இருக்கா? ஹூஇஸ் பாருங்க. காலாவதி ஆகியிருக்கா, ஹோல்டுல இருக்கா? டாட் காம் மாதிரி டொமைன் புதுசா வாங்கினா 15 நாளுக்குள்ள இமெயிலை வெரிஃபை பண்ணணும். அந்த மெயில் ஸ்பாம்ல போய்க் கிடந்தா, ரெண்டு வாரம் நல்லா ஓடின சைட் திடீர்னு செத்துடும்.

2. டாட் காம் யாரைக் கைகாட்டுது? டிக் என்ற கமாண்டோட ப்ளஸ் ட்ரேஸ் சேர்த்து அடிச்சா ரூட்ல இருந்து படிப்படியா யார் யாரைக் கைகாட்டுறாங்கன்னு காட்டும். அதுல உங்க புது நேம்சர்வர் பேர் வரணும்.

3. தலைமை சர்வர் என்ன சொல்லுது? இதுதான் ரொம்ப முக்கியமான படி. டிக் கமாண்ட்ல அட் குறி போட்டு நேம்சர்வர் பேரைக் கொடுத்து நேராக் கேளுங்க. விண்டோஸ்னா என்எஸ்லுக்அப், அப்புறம் டொமைன் பேர், அப்புறம் நேம்சர்வர் பேர். இங்கேயே பழைய நம்பர் வந்தா நீங்க ரெக்கார்டை சரியா மாத்தலன்னு அர்த்தம். சேவ் பட்டன் அமுக்க மறந்திருக்கலாம், வேற கம்பெனியோட பேனல்ல மாத்தியிருக்கலாம். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சரியாகாது.

டபிள்யூடபிள்யூடபிள்யூ இருக்கிற பேர், இல்லாத பேர் ரெண்டையும் தனித்தனியா கேளுங்க. அது ரெண்டும் வேற வேற ரெக்கார்டு.

4. பொது ரிசால்வர்கள் என்ன சொல்லுது? 8.8.8.8, 1.1.1.1 ரெண்டுகிட்டயும் கேளுங்க. பதில்ல வர்ற டிடிஎல் நம்பரைப் பாருங்க. 2140 என்று இருந்து, பத்து நொடி கழிச்சு கேட்டா 2130 என்று குறைஞ்சா, அது கேஷ்ல இருக்கிற காப்பி. இன்னும் 2130 நொடி, அதாவது சுமார் 36 நிமிஷம் காத்திருந்தா போதும். (பெரிய ரிசால்வர்களுக்குப் பின்னாடி நிறைய மெஷின் இருக்கும். அதனால ஒவ்வொரு தடவையும் நம்பர் கொஞ்சம் தாவலாம்.) தலைமை சர்வர்கிட்ட கேட்டா மட்டும் எப்பவும் முழு நம்பர்தான் வரும். கூகுள், கிளவுட்ஃப்ளேர் ரெண்டுமே தங்களோட ரிசால்வர்ல ஒரு டொமைனோட கேஷை அழிக்கிறதுக்குத் தனிப் பக்கம் வச்சிருக்காங்க. அவசரம்னா பயன்படுத்துங்க.

5. உங்க மெஷின். இப்பதான் இங்கே வரணும். விண்டோஸ்ல ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஃப்ளஷ்டிஎன்எஸ். புதிய லினக்ஸ்ல ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ். எப்பவோ டெஸ்ட் பண்றதுக்காக ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல எழுதிட்டு மறந்த வரி இருக்கான்னும் பாருங்க. பிரவுசர்ல செக்யூர் டிஎன்எஸ் ஆன்ல இருந்தா, டெர்மினல் ஒரு ரிசால்வரையும் பிரவுசர் வேற ரிசால்வரையும் கேட்டுட்டு இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகாதது இதனாலயும் இருக்கலாம்.

6. டிஎன்எஸ்ஸே காரணம் இல்லையோ? நம்பர் எல்லா இடத்துலயும் சரி, ஆனாலும் பழைய பக்கம் வருதுன்னா அது பிரவுசர் கேஷா இருக்கலாம். 301 என்ற நிரந்தர ரீடைரக்ட்டை பிரவுசர் ரொம்ப நாள் ஞாபகம் வச்சுக்கும். அதனால டெஸ்ட் பண்ணும்போது 302 போடுங்க. செர்டிஃபிகேட் எர்ரர் வந்தா, புது சர்வர்ல அந்தப் பேருக்கு எஸ்எஸ்எல் செர்டிஃபிகேட் வாங்கியிருக்கீங்களான்னு பாருங்க.

இதுல மூணாவது படிதான் எல்லாத்தையும் ரெண்டாப் பிரிக்குது. தலைமை சர்வர் சரியான பதில் சொன்னா காத்திருக்கலாம். தப்பான பதில் சொன்னா காத்திருக்கிறது வேஸ்ட். இதைப் பார்க்காம யாரும் "48 மணி நேரம் வெயிட் பண்ணு"ன்னு சொல்லக்கூடாது. நான் சொன்னேன்.

அந்த 11 டீம் எங்கே மாட்டினாங்க?

சிம்போசியம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி எங்க லேப் டெக்னீஷியன் அண்ணன்கிட்ட புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, நாலு ஏ பார்த்தியா?"

பேருக்கு நம்பர் கொடுக்கிற ரெக்கார்டு ரெண்டு வகை. ஏ ரெக்கார்டு ஐபிவி4 முகவரிக்கு. நாலு ஏ சேர்ந்து வர்ற ஏஏஏஏ ரெக்கார்டு ஐபிவி6 முகவரிக்கு. நான் ஏ ரெக்கார்டை மட்டும் மாத்தியிருந்தேன். சீனியர்ஸ் எப்பவோ போட்ட ஏஏஏஏ ரெக்கார்டு ஒண்ணு லிஸ்ட்ல கீழே சத்தமில்லாம உட்கார்ந்து பழைய சர்வரைக் கைகாட்டிட்டு இருந்துச்சு.

எங்க ஹாஸ்டல் வைஃபைல ஐபிவி4 மட்டும்தான். அதனால நான் எத்தனை தடவை பார்த்தாலும் புது சைட். ஆனா நம்ம ஊர் மொபைல் நெட்வொர்க்ல ஐபிவி6 ரொம்ப சகஜம். ரெண்டு முகவரியும் கிடைச்சா ஃபோன் வழக்கமா ஐபிவி6 பக்கம்தான் முதல்ல போகும். அதனால ஃபோன்ல மொபைல் டேட்டால பதிவு பண்ணவங்களுக்குப் பழைய சர்வர், பழைய ஃபார்ம், பழைய டேட்டாபேஸ். கேஷ் தன் வேலையை ஒழுங்காத்தான் பார்த்துச்சு. தலைமை சர்வரே தப்பு நம்பரைத்தான் கொடுத்துட்டு இருந்துச்சு, அதுவும் நான் சொல்லிக் கொடுத்தபடி. மூணாவது படியில ஏஏஏஏ என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருந்தா பத்து நொடியில தெரிஞ்சிருக்கும்.

அந்த ரெக்கார்டை டெலீட் பண்ணேன். அதோட டிடிஎல் 3600. ஒரு மணி நேரத்துல எல்லா ஃபோன்லயும் புது சைட். சிம்போசியம்தான் முடிஞ்சுபோச்சு.

மாத்துறதுக்கு முன்னாடி

இப்ப நான் சர்வர் மாத்தினா இந்த வரிசையிலதான் பண்றேன்.

முதல்ல இருக்கிற எல்லா ரெக்கார்டையும் ஒரு ஷீட்ல எழுதுவேன். ஏ, ஏஏஏஏ, சிநேம், மெயிலுக்கான எம்எக்ஸ், டிஎக்ஸ்டி, டிஎஸ் எல்லாம். எது மாறணும், எது மாறக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல எழுதுவேன். எம்எக்ஸ்ஸை மறந்தா சைட் வரும், மெயில் போயிடும்.

ஒரு நாள் முன்னாடி டிடிஎல்லை 300 ஆக்குவேன். ரெக்கார்டை மாத்தாமலே என் ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல எழுதியோ, கர்ல் கமாண்ட்ல ரிசால்வ் ஆப்ஷன் போட்டோ புது சர்வரைத் திறந்து ஃபார்ம் வரைக்கும் டெஸ்ட் பண்ணுவேன். அப்புறம் ஹோஸ்ட்ஸ் வரியை அழிப்பேன்.

மாத்தினதும் வைஃபை, மொபைல் டேட்டா ரெண்டுலயும் பார்ப்பேன். பழைய சர்வரை உடனே நிறுத்த மாட்டேன். ஆனா அங்கே இருக்கிற ஃபார்மை மூடி, "சைட் மாறிட்டு இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க" என்று போடுவேன். தப்பான இடத்துல பதிவாகிறதைவிட பதிவாகாம இருக்கிறது நல்லது. அதோட ஆக்சஸ் லாகை தினமும் பார்ப்பேன். மனுஷங்க வர்றது நின்னதும்தான் சர்வரை நிறுத்துவேன்.

டொமைன் பேரையே மாத்துறீங்கன்னா இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க. பழைய பேரைக் குறைஞ்சது ஒரு வருஷமாவது கையில வச்சு, அதுல இருந்து புதுசுக்கு 301 போடுங்க. போஸ்டர்ல அச்சான க்யூஆர் கோடு பழைய பேரைத்தான் காட்டும். அதை நீங்க விட்டுட்டா வேற யாராவது வாங்கி என்ன வேணா வைக்கலாம்.

அந்த 11 டீமுக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பி, மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டோம். திண்டுக்கல் பக்கத்து டீம்ல இருந்து மட்டும் பதில் வந்துச்சு. "பரவாயில்ல அண்ணா. எங்க காலேஜ் சிம்போசியம் அடுத்த மாசம். வெப்சைட் நான்தான் பார்க்கிறேன். என்ன ஆச்சுன்னு சொன்னீங்கன்னா நாங்க அதே தப்பைப் பண்ண மாட்டோம்" என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. அவங்களுக்கு அன்னைக்கு அவசரமா நாலு வரிதான் பதில் போட்டேன். மீதி இது.